ஜாவாவிலிருந்து ரெயில்ஸுக்கு: எங்கிருந்து படிக்கத் தொடங்குவது?

கேள்வி

வணக்கம். பல ஆண்டுகளாக ஜாவாவில், பெரும்பாலும் ஸ்பிரிங் ஃபிரேம்வொர்க்கில், நிரல் எழுதி வருகிறேன். இப்போது வேறொரு குழு எழுதிய ரூபி ஆன் ரெயில்ஸ் செயலி ஒன்றைப் பராமரிக்கும் பொறுப்பு என்னிடம் வந்திருக்கிறது. செஷன், குக்கீ, தரவுத்தளம் ஆகியவை பழகியவை என்பதால் தொடக்கநிலைப் பாடங்களில் மனம் செல்லவில்லை; நேரடியாக நிரலைத் திறந்தாலோ ஒன்றும் பிடிபடவில்லை. கோரிக்கையை ஏற்றுக் கையாளும் கன்ட்ரோலரில் ‘ஷோ’ மெத்தட் வெறுமையாக இருக்கிறது, ஆனாலும் பக்கம் முழுமையாக வருகிறது. இம்போர்ட் வரி ஒன்றுகூட இல்லை. தரவைக் கையாளும் மாடலில் எங்குமே எழுதப்படாத மெத்தடுகள் அழைக்கப்படுகின்றன. ஒரு பெயர் எங்கே பிறக்கிறது என்பதை எப்படிக் கண்டுபிடிப்பது?

மறுமொழி 1

நண்பரே, 2004-இல் வெளிவந்த நாளிலிருந்தே ரெயில்ஸ் பெயரிடும் மரபையே அடித்தளமாகக் கொண்டது. ஸ்பிரிங்கில் அனோட்டேஷன் (நிரலில் சேர்க்கும் குறிப்பு) எழுதிச் சொல்வதை இங்கே கோப்பின் பெயரும் கோப்புறையின் பெயரும் சொல்லிவிடுகின்றன. ‘ஆர்டர்’ என்ற மாடல், அப்பெயரின் பன்மையான ‘ஆர்டர்ஸ்’ என்ற அட்டவணையைத் தானாகவே எடுத்துக்கொள்ளும். அதன் நெடுவரிசைகளைப் படித்து அவற்றுக்கான மெத்தடுகளையும் உருவாக்கிக்கொள்ளும். எனவே அவற்றை மாடல் கோப்பில் தேடாமல் அட்டவணைகளின் அமைப்பை விவரிக்கும் ஸ்கீமா கோப்பில் தேடுங்கள். இம்போர்ட் இல்லாததற்கும் காரணம் இதுதான்: கிளாஸின் பெயரைக் கொண்டே கோப்பைக் கண்டுபிடித்து ஏற்றும் வேலையை 2019-இல் வந்த ரெயில்ஸ் 6 முதல் சைட்வெர்க் என்ற நூலகம் செய்கிறது.

உங்கள் வெறுமையான ‘ஷோ’வுக்கு மேலே அநேகமாக மெத்தடுக்கு முன் இயங்க வேண்டியதைச் சொல்லும் ஒரு ‘பிஃபோர் ஆக்ஷன்’ வரி இருக்கும். தேவையான பதிவை அதுவே எடுத்து வைத்துவிடும், பிறகு அதே பெயருள்ள வியூ (பக்கத்தின் வார்ப்புரு) தானாக இயங்கும். ஆகவே முகவரிகளைப் பட்டியலிடும் ‘ரூட்ஸ்’ கட்டளையை இயக்கி ஏதேனும் ஒரு முகவரியைத் தேர்ந்துகொண்டு, கன்ட்ரோலர், மாடல், வியூ என அந்த ஒரே கோரிக்கையைக் கடைசிவரை பின்தொடருங்கள். இதை முடிக்காமல் வழிகாட்டி நூலை முதல் பக்கத்திலிருந்து படிப்பதை நான் பரிந்துரைக்க மாட்டேன்.

மறுமொழி 2

மேலே சொன்னதை ஏற்கிறேன். ஆனால் அதற்கும் முன்னால் ரூபி மொழியைத் தனியாகப் படிப்பது அவசியம் என்பது என் உறுதியான கருத்து. ரூபியில் எந்தக் கிளாஸையும் பிற்பாடு திறந்து மெத்தட் சேர்க்கலாம். எண் 2-இடம் ‘டேஸ்’ என்று கேட்டால் விடை கிடைப்பது ரெயில்ஸின் ஆக்டிவ் சப்போர்ட் நூலகம் அதைச் சேர்த்திருப்பதால்தான். வெறும் ரூபியில் அது பிழையாகும். எது மொழி, எது ஃபிரேம்வொர்க் என்று பிரித்தறிய முடியாதவரை எல்லாமே மாயமாகத்தான் தோன்றும். ரெயில்ஸ் கன்சோலில் ஒரு மெத்தடைப் பிடித்து ‘சோர்ஸ் லொகேஷன்’ கேட்டால், ரூபியில் எழுதப்பட்ட மெத்தடாக இருக்கும்போது, கோப்பின் பெயரும் வரி எண்ணும் கிடைக்கும். நீங்கள் தேடும் பிடிமானம் அதுவே.

கேட்டவர்

இருவருக்கும் நன்றி. ‘பிஃபோர் ஆக்ஷன்’ வரி சொன்ன இடத்திலேயே இருந்தது. ஜாவாவில் தரவுத்தளத்தைக் கையாளும் ஹைபர்நேட் நன்கு தெரியும் என்பதால், ரெயில்ஸில் அதே வேலையைச் செய்யும் ஆக்டிவ் ரெக்கார்டை மேலோட்டமாகப் பார்த்தால் போதும் என்று எண்ணலாமா?

மறுமொழி 3

தயவுசெய்து அப்படி எண்ண வேண்டாம். அனுபவமுள்ளவர்கள் தடுமாறுவது, தெரிந்ததைப் போலத் தோன்றும் இந்த இடத்தில்தான். ஹைபர்நேட்டில் பரிவர்த்தனைக்குள் மாற்றிய பொருள், பரிவர்த்தனை முடியும்போது தானாகவே சேமிக்கப்படும். இங்கே ‘சேவ்’ அழைக்காவிட்டால் மாற்றம் தரவுத்தளத்தைச் சென்றடையாது. அழைத்தாலும், சரிபார்ப்பில் தோற்றால் ‘சேவ்’ விதிவிலக்கு எதையும் எழுப்பாமல் ‘ஃபால்ஸ்’ என்று மட்டும் திருப்பித் தரும். விதிவிலக்கு வேண்டுமென்றால் ஆச்சரியக்குறியுடன் கூடிய வடிவத்தை அழைக்க வேண்டும்.

தரவுத்தளத்துடனான செஷன் மூடியபின் சோம்பல் ஏற்றம் (தேவைப்படும்போது மட்டும் தரவை எடுப்பது) நடந்தால் ஹைபர்நேட் பிழை காட்டி எச்சரிக்கும். ரெயில்ஸோ வழக்கமான அமைப்பில் எதுவும் சொல்லாமல், வியூவின் நடுவிலிருந்துகூட ஒவ்வொரு பதிவுக்கும் தனித்தனி வினவலை அனுப்பிக்கொண்டிருக்கும். டெவலப்மென்ட் லாகைத் திறந்து வைத்துக்கொண்டு பக்கங்களைப் பாருங்கள். ஒரே வினவல் எண் மட்டும் மாறி மாறித் திரும்ப வந்தால் அங்கே தொடர்புடைய பதிவுகளை முன்கூட்டியே மொத்தமாக எடுக்கும் ‘இன்க்ளூட்ஸ்’ தேவைப்படுகிறது. உங்கள் செயலி வேறொருவர் எழுதியது என்பதால், திரும்பி வரும் விடையைப் பார்க்காமல் விட்ட ‘சேவ்’ அழைப்புகளை முதலில் தேடிப் பட்டியலிடுங்கள்.