முதல் கில்ட் வாங்கப் போறீங்களா? ஜீன்ஸ் அளவைச் சொல்லாதீங்க

ஸ்காட்லாந்தின் கிளாஸ்கோவுக்கு வந்து ஆறு வருஷம். கூட வேலை பார்க்கிற நண்பன் தன் கல்யாணத்துக்குக் கில்ட்டில், அதாவது இங்கே ஆண்கள் கட்டும் மடிப்பு வைத்த பாவாடையில், வரச் சொன்னான். வாடகைக்கே கிடைக்கும், ஆனால் எனக்குச் சொந்தமாக ஒன்று வேண்டும் என்று ஆசை வந்துவிட்டது.

முதலில் எடின்பரோவில் சுற்றுலாக் கடை ஒன்றில் விலை குறைவு என்று வாங்கினேன். இடுப்பு 34 என்றேன், எடுத்துக் கொடுத்துவிட்டார்கள். அக்ரிலிக் துணி, நாலு அடி நடந்ததும் சரிந்து முழங்காலை மூடியது, விரிந்த மடிப்பு திரும்பச் சேரவே இல்லை. அன்றைக்கு ரொம்ப வருத்தமாக இருந்தது.

அப்புறம்தான் கையால் தைக்கும் ஒரு அம்மாவிடம் போனேன். நம் ஊரில் வேட்டி கட்டுவோமே, கிட்டத்தட்ட அந்த உயரத்தில்தான் கில்ட்டும் நிற்க வேண்டுமாம். தொப்புளைச் சுற்றி டேப் வைத்தார், 37 வந்தது! பிறகு பின்புறத்தின் அகலமான இடத்தில் ஒரு அளவு, முழங்கால் சில்லின் நடு வரைக்கும் நீளம். இந்த மூன்றையும் எடுக்காமல் தைத்துத் தருகிறேன் என்று யார் சொன்னாலும் வாங்காதீர்கள்.

துணி கெஜத்துக்கு 16 அவுன்ஸ் எடையுள்ள கம்பளி, 8 கெஜம். 13 அவுன்ஸும் உண்டு, கொஞ்சம் லேசு, ஆனால் கனம் இருந்தால்தான் மடிப்பு விழும். சாக்குக்கட்டியால் குறித்து, ஒவ்வொரு மடிப்பிலும் கட்டம் விட்ட இடத்திலிருந்தே தொடரும்படி அவர் மடித்துக் காட்டியதை நாள் முழுக்கப் பார்க்கலாம். கீழ் ஓரத்தை மடித்துத் தைப்பதில்லை, தறியில் நெய்த கரையே ஓரமாக நிற்கிறது.

டார்ட்டன், அதாவது குலத்துக்குக் குலம் மாறும் கட்டம்போட்ட துணி வடிவம், அந்த விஷயத்தில் எனக்குத் தயக்கம் இருந்தது, குலப்பெயர் இல்லாத நான் எதைக் கட்டுவது என்று. பால்மோரல் மாதிரி அரச குடும்பத்துக்கென்று ஒதுக்கியதை விட்டுவிட்டால் தடை எதுவும் இல்லை, ஊர்ப்பெயரில்கூட டார்ட்டன் இருக்கிறது, கிளாஸ்கோவுக்கும் உண்டு என்றார். நான் யாரும் கட்டக்கூடிய பிளாக் வாட்ச் எடுத்தேன், கருநீலமும் கரும்பச்சையும்.

இன்னொன்று, முன்பக்கம் துணி ஒன்றின்மேல் ஒன்றாக இரண்டு அடுக்காக வரும், அங்கே குத்தும் பின்னை மேல் அடுக்கில் மட்டும் குத்துங்கள், இரண்டையும் சேர்த்துக் குத்தினால் துணி கிழியும்.

தைத்துக் கைக்கு வர இரண்டு மாதம் ஆனது. கல்யாண ராத்திரி கேய்லி என்கிற ஸ்காட்டிஷ் கூட்டு ஆட்டத்தில் சுழன்று சுழன்று ஆடினோம். நின்றதும் பின்பக்கம் தடவிப் பார்த்தேன், ஒரு மடிப்புகூடக் கலையவில்லை.