பழைய பாய்மரக் கப்பலில் விடுமுறை: போய் வந்தவர்கள் எழுதுங்கள்

நியூ ஜெர்சியிலிருந்து:

கப்பலில் விடுமுறை என்றதும் நம் ஆட்களுக்குப் பத்து மாடியும் நீச்சல் குளமும் ராத்திரி முழுக்கச் சாப்பாடும்தான் நினைவுக்கு வரும். நான் சொல்ல வருவது அந்த வகைக் கப்பல் அல்ல. அமெரிக்காவின் வடகிழக்கு மூலையில் இருக்கிறது மெய்ன் மாநிலம். அங்கே பெனாப்ஸ்காட் விரிகுடாவில் நூறு, நூற்றைம்பது வயதான மரக் கப்பல்கள் இன்னும் பாய் விரித்து ஓடுகின்றன. கோடையில் பணம் கட்டி அவற்றில் போய்த் தங்கலாம். நானும் மனைவியும் மாமனாரும் கேம்டன் துறைமுகத்திலிருந்து லூயிஸ் ஆர். பிரெஞ்ச் என்ற கப்பலில் போனோம். 1871இல் கட்டியது. இரண்டு பாய்மரம். உள்ளே எஞ்சின் கிடையாது.

காற்று நின்றுபோனால் என்ன செய்வார்கள் என்று மாமனார் ஏறும் முன்பே கேட்டார். ஒரு சின்னப் படகு கூடவே வருகிறது, அதில் எஞ்சின் உண்டு. அது கப்பலின் பின்புறத்தில் மூக்கை வைத்துத் தள்ளும். துறைமுகத்தை விட்டு வெளியே வருவதும் அதன் தயவில்தான். வெளியே வந்த பிறகு பாய் ஏற்ற வேண்டும். அது பயணிகளின் வேலை. யாரும் கட்டாயப்படுத்துவதில்லை. ஆனால் சும்மா உட்கார்ந்திருந்தவர் ஒருவரையும் நான் பார்க்கவில்லை.

பெரிய பாயின் மேல் விளிம்பு ஒரு கனமான கழியில் கட்டியிருக்கும். கழியின் உள்முனைக்கு ஒரு கயிறு, வெளிமுனைக்கு ஒரு கயிறு. தளத்தின் இரண்டு பக்கமும் ஆட்கள் வரிசையாக நின்று இழுக்க வேண்டும். கழி சாயாமல் மட்டமாக மேலே ஏற வேண்டும் என்பதால், ஒரு வரிசை முந்தினால் அடுத்த வரிசை வரும்வரை நின்றுகொள்ள வேண்டும். துணை மாலுமியாக இருந்த இளம்பெண் நடுவில் நின்று குரல் கொடுக்க, எழுபதைத் தாண்டிய என் மாமனார், முதுகுவலி என்று வீட்டில் வாளி தூக்காதவர், யாரையும் கேட்காமல் போய் வரிசையில் நின்றுவிட்டார். பாய் உச்சிக்குப் போய்க் காற்றுப் பிடித்து, கப்பல் லேசாகச் சாய்ந்து நகரத் தொடங்கியபோது அவர் முகத்தில் இருந்த பெருமையை நான் அதுவரை பார்த்ததில்லை.

அறை என்று கொடுப்பது தளத்துக்குக் கீழே ஒரு சின்னப் பொந்து. படுக்கைப் பலகை, கை கழுவ ஒரு கிண்ணம், விளக்கு, அவ்வளவுதான். பெட்டியை வைக்க இடமில்லை. தூங்கும் நேரம் தவிர அங்கே யாரும் இருப்பதில்லை. வாழ்க்கை எல்லாம் மேல்தளத்தில்தான்.

சமையல் விறகடுப்பில். விடியும் முன்பே சமையல்காரர் எழுந்து அடுப்பு மூட்டிவிடுவார். ரொட்டியும் அந்த அடுப்பிலேயே வேகும். கப்பல் சாயும்போது பாத்திரம் வழுக்காமல் இருக்க அடுப்பைச் சுற்றி இரும்புக் கம்பி வேலி. மாமனார் சைவம் என்று முன்பே எழுதிச் சொல்லியிருந்தோம். பருப்பு சூப்பும் பீன்ஸும் சுடச்சுட வந்தன. ஒரு மாலை ஆளில்லாத தீவு ஒன்றின் கரையில் இறக்கி, மற்றவர்களுக்குக் கடற்பாசி போட்டு சிங்கி இறால் அவித்தார்கள்.

காலையில் தளம் கழுவுவது கடல் தண்ணீரில். நல்ல தண்ணீர் தேங்கினால் மரம் அழுகும்; உப்புத் தண்ணீர் அழுகலைத் தடுக்கும், பலகைகளையும் காயவிடாமல் ஊற வைத்து இடுக்கை இறுக்கமாக வைத்திருக்கும். வாளியில் மொண்டு ஊற்றித் தேய்க்கும்போது ஒரு பையன் இதை எனக்கு விளக்கினான். அந்தக் கப்பலில் எதைக் கேட்டாலும் இப்படி ஒரு காரணம் கிடைக்கும். எந்தக் கயிறும் அழகுக்காகக் கட்டியதில்லை.

இந்தக் கப்பல்கள் அந்தக் காலத்து லாரிகள். ஸ்டோனிங்டன் ஊரிலிருந்தும் வைனல்ஹேவன் தீவிலிருந்தும் கருங்கல், ராக்லண்டிலிருந்து சுண்ணாம்பு, மரம், செங்கல் என்று கரையோர நகரங்களுக்கு ஏற்றிப் போனவை. சுண்ணாம்புதான் பயங்கரம். சுட்ட சுண்ணாம்பில் கசிவுத் தண்ணீர் பட்டால் கொதித்துக் கப்பலே தீப்பிடிக்கும். தண்ணீர் ஊற்றி அணைக்க முடியாது, இன்னும் கொதிக்கும். காற்றுப் போகும் இடுக்கெல்லாம் பூசி அடைத்துவிட்டு, தீ மூச்சுமுட்டி அடங்கும்வரை காத்திருப்பார்களாம்.

ரயிலும் லாரியும் வந்த பிறகு இந்தக் கப்பல்கள் ஓடைகளில் சும்மா கிடந்து மக்கத் தொடங்கின. 1936இல் ஃபிராங்க் ஸ்விஃப்ட் என்பவர் கேம்டனில் பழைய சரக்குக் கப்பலில் விடுமுறைக்காரர்களை ஏற்றிப் போக ஆரம்பித்தார். சரக்கு இருந்த இடத்தில் மனிதர்கள். லூயிஸ் ஆர். பிரெஞ்ச் நடுவில் பல வருஷம் பாய் இழந்து எஞ்சினில் ஓடி, எழுபதுகளில் புதுப்பிக்கப்பட்டு மறுபடி பாய்க்கு வந்தது. நாம் கட்டும் பணம் அடுத்த வசந்தத்தில் புதுப் பலகையாகவும் வர்ணமாகவும் கயிறாகவும் போகிறது. கண்ணாடிக்குப் பின்னால் நிற்கிற கப்பலைவிட ஓடுகிற கப்பலுக்குத்தான் ஆயுள் அதிகம் என்று நான் முழுமையாக நம்புகிறேன். மற்றவர்கள் எங்கே போனீர்கள், எழுதுங்கள்.


டொராண்டோவிலிருந்து:

தம்பி, நீங்கள் எழுதினதை எங்கட வீட்டில எல்லாருக்கும் வாசிச்சுக் காட்டினேன். நான் பிறந்தது வல்வெட்டித்துறை. எங்கட அப்பப்பா காலத்தில பர்மாவுக்கு அரிசிக்குப் போய்வந்த கப்பல்கள் எல்லாம் ஊரிலேயே கட்டினவை. அதில ஒன்றுதான் அன்னபூரணி. 1930இல் வேப்ப மரத்தில கட்டினது, இரட்டைப் பாய்மரம். அதை வில்லியம் ஆல்பர்ட் ராபின்சன் என்ற அமெரிக்கர் விலைக்கு வாங்கி, தன்ர மனுசியின்ர பேரில புளோரன்ஸ் சி. ராபின்சன் என்று பேர் மாத்தினார். அவர் சும்மா ஆள் இல்லை. அதுக்கு முதலே சின்னப் பாய்ப்படகு ஒன்றில உலகத்தைச் சுத்தி வந்தவர். அப்பிடிப்பட்டவர் எங்கட ஊர்த் தச்சர்மார் கட்டின கப்பல் வேணும் என்று தேடி வந்தார் எண்டால் யோசிச்சுப் பாருங்கோ. எங்கட ஊர் ஆக்களே அதை ஓட்டிக்கொண்டு போய், 1938 ஓகஸ்ட்டில மாசசூசெட்ஸ் மாநிலத்து குளொஸ்டர் துறைமுகத்தில சேர்த்தவை.

சின்னனில இருந்து கேட்ட கதை. அதனால ஒரு கோடையில பிள்ளையளோட குளொஸ்டர் போனனான். அங்க அட்வெஞ்சர் என்ற மீன்பிடிக் கப்பல் நிற்குது, 1926இல் பக்கத்து எசெக்ஸ் ஊரில கட்டினது. அதுவும் கன காலம் மெய்ன் பக்கம் போய் விடுமுறைக்காரரை ஏத்தின கப்பல்தான். அது நிற்கிற தண்ணீரைப் பார்த்தபோது, எங்கட ஆக்கள் வந்து இறங்கினது இதுக்குள்ளதானே எண்டு கண் கலங்கிப் போச்சு. மகளுக்குச் சொல்ல வாய் வரேல்லை. அவளே கையைப் பிடிச்சுக்கொண்டு நிண்டாள்.

இப்ப வல்வெட்டித்துறைக் கரையில அப்பிடி ஒரு கப்பல் பாய் விரிச்சு நிக்கிறதைப் பார்க்க ஏலாது.


நியூ ஜெர்சியிலிருந்து:

அக்கா, இதைப் படித்ததும் ஒன்று தோன்றியது. குளொஸ்டரிலேயே 1930இல் கட்டிய மீன்பிடிக் கப்பல் ஒன்று, இன்றைக்கு அமெரிக்கன் ஈகிள் என்று பெயர், எண்பதுகளில் புதுப்பிக்கப்பட்டு இன்றும் ராக்லண்டிலிருந்து பயணிகளோடு ஓடுகிறது. அன்னபூரணிக்கு அது ஒரே வயது. மரம் அத்தனை காலம் தாங்கும், கவனிக்க ஆள் இருந்தால்.


நெதர்லாந்திலிருந்து:

இங்கே கதை கொஞ்சம் வேறு. வடக்கே வாடன் கடல் என்று ஆழமில்லாத கடல் இருக்கிறது, யுனெஸ்கோ பட்டியலில் 2009இல் சேர்ந்தது. அங்கே ஓடும் பழைய சரக்குப் படகுகளுக்கு அடி தட்டை. காற்றில் பக்கவாட்டில் தள்ளப்படாமல் இருக்க இரண்டு பக்கமும் முறம் மாதிரி ஒரு பெரிய பலகை தொங்கும், காற்றுக்கு மறுபக்கம் இருப்பதை மட்டும் தண்ணீருக்குள் இறக்குவார்கள். உருளைக்கிழங்கும் கரியும் ஏற்றிய படகுகள் இன்று அலுவலகக் குழுக்களையும் பள்ளிப் பிள்ளைகளையும் ஏற்றுகின்றன.

நாங்கள் தமிழ்க் குடும்பங்கள் சேர்ந்து ஹார்லிங்கனிலிருந்து டெர்ஸ்கெலிங் தீவுக்கு ஒன்றை எடுத்தோம். இங்கே பெரும்பாலும் சமையல் நம் பொறுப்பு. கேப்டனும் ஒரு துணையாளும் மட்டும் வருவார்கள். முதல் நாள் சாம்பார் வாசனைக்குக் கேப்டன் கீழே இறங்கி வந்துவிட்டார். அன்றிலிருந்து அவருக்கும் இலை போட்டதுதான்.

மறக்க முடியாதது தரை தட்டி நிற்பது. விபத்தில் தட்டுவது இல்லை, வேண்டுமென்றே. வற்றும் நேரம் பார்த்து ஒரு மணல் திட்டின் மேல் நங்கூரம் போடுவார்கள். தண்ணீர் வடிய வடியப் படகு மெல்ல உட்காரும். அடி தட்டை என்பதால் சாயாது. ஏணி வைத்து இறங்கினால் கடலின் தரை! கண்ணுக்கெட்டிய தூரம் ஈர மணல், மட்டி, மணற்புழு துளைத்த குவியல்கள், தூரத்தில் கடல்நாய்கள் படுத்திருக்கின்றன. குழந்தைகளைப் பிடித்து நிறுத்த முடியவில்லை. ஆனால் கேப்டன் குரல் கொடுத்தால் உடனே திரும்ப வேண்டும். ஏறும் தண்ணீர் பின்பக்கப் பள்ளங்கள் வழியாகச் சுற்றி வந்துவிடும், முன்னால் பார்த்துக்கொண்டிருப்பவருக்குத் தெரியாது.

ஒன்றை எல்லோரும் தெரிந்துகொள்ள வேண்டும். 2016 ஆகஸ்டில் ஹார்லிங்கன் அருகே ஒரு பழைய கப்பலின் பாய்மரம் முறிந்து விழுந்து மூன்று ஜெர்மன் பயணிகள் இறந்தார்கள். மரம் உள்ளுக்குள் அழுகியிருந்தது. அழகைப் பார்த்து ஏறாதீர்கள். மரத்தைக் கடைசியாக எப்போது சோதித்தீர்கள், யார் சோதித்தார் என்று கேளுங்கள். நல்ல கேப்டன் கோபித்துக்கொள்ள மாட்டார், காகிதத்தை எடுத்துக் காட்டுவார். பாயை ஒரு பக்கத்திலிருந்து மறுபக்கம் மாற்றும்போது அதன் அடியில் உள்ள குறுக்குக் கழி போகும் பாதையில் பிள்ளைகளை நிறுத்தாதீர்கள். இதில் தயவு தாட்சண்யம் வேண்டாம்.


தூத்துக்குடியிலிருந்து:

விடுமுறைக்குப் போனவன் இல்லை நான். என் தகப்பனார் தோணியில் வேலை பார்த்தவர். வெங்காயமும் கூரை ஓடும் ஏற்றிக் கொழும்புக்குப் போய் வருவார்கள், பாயிலேயே. எண்பதுகளில் ஒவ்வொரு தோணியாக எஞ்சின் ஏறியது. இப்போதும் தோணி கட்டுகிறார்கள், மாலத்தீவுக்குக் காய்கறியும் செங்கலும் போகிறது. ஆனால் பாய் இல்லை.

பலகை இடுக்கில் பஞ்சுத் திரியை வைத்து உளியும் சுத்தியுமாக அடித்து ஏற்றும் கலப்பத்து வேலைக்கு அப்பாவோடு பொடியனாகப் போயிருக்கிறேன். திரி சரியாக இறங்கினால் சுத்தியல் சத்தம் கணீரென்று மாறும். மெத்தென்று கேட்டால் பிரித்து மறுபடி அடி என்பார். வேலையைக் காதால் பார்த்தவர் அவர். மெய்ன் தம்பிக்கு ஒரு கேள்வி. அங்கே இந்த வேலை தெரிந்தவர்கள் யார்? வயசாளிகளா, சின்னப் பிள்ளைகளா?


நியூ ஜெர்சியிலிருந்து:

ஐயா, இரண்டும்தான். கப்பலில் இருந்த துணை மாலுமிப் பெண் குளிர்காலம் முழுக்கப் பட்டறையில் இந்த வேலைதான் செய்கிறாள். அவள் கற்றது ஒரு முதியவரிடம். பஞ்சும் தார் ஊறிய சணலும் அடித்து மேலே பூசுகிறார்கள். நீங்கள் சொன்ன சத்தத்தை அவளும் சொன்னாள், வேலை நன்றாக இறங்கினால் மரம் "பாடும்" என்றாள். சீசன் இல்லாத மாதங்களில் பழைய பயணிகள் சிலர் வந்து சுரண்டவும் வர்ணம் பூசவும் உதவுவார்களாம்.

பலர் தனியாகக் கேட்டதால் இங்கேயே சொல்லிவிடுகிறேன். மே கடைசி முதல் அக்டோபர் நடு வரை ஓடுகின்றன. ஆகஸ்டிலும் ராத்திரி குளிரும், கம்பளிச் சட்டை அவசியம். கடல் தண்ணீர் கோடையிலும் நடுங்க வைக்கும். மடக்கக்கூடிய துணிப்பை கொண்டு போங்கள், சக்கரப் பெட்டி வேண்டாம். தீவுகளுக்கு நடுவே ஓடுவதால் பெரிய அலை அதிகம் இல்லை, எங்கள் மூவருக்கும் வாந்தி வரவில்லை. மூடுபனி விழுந்தால் பாதி நாள் ஒரே இடத்தில் நங்கூரத்தில் நிற்க நேரும், அதற்கு ஒரு சீட்டுக்கட்டு வைத்துக்கொள்ளுங்கள். முழங்கால் வலி உள்ளவர்கள் முன்பதிவின்போதே சொல்லுங்கள், ஏணி குறைவாக ஏறும் அறை கிடைக்கிறதா என்று பார்ப்பார்கள். தூத்துக்குடி ஐயா, நீங்கள் எப்போதாவது பிள்ளைகளைப் பார்க்க இந்தப் பக்கம் வந்தால் சொல்லுங்கள், வசந்த கால வேலைக்கு உங்களை அழைத்துப் போகிறேன்.