தீவுக்குப் பக்கத்தில் 4.3 நிலநடுக்கம்: ஆழம் எப்போதும் 10 கி.மீ.தானா?

கேள்வி: தொலைதூரத் தீவுகளில் லேசாக நடுங்கினாலே ‘ஆழம் 10 கி.மீ.’ என்கிறார்களே, அளந்ததா? சுனாமி வருமா?

பதில் 1: பெரும்பாலும் அளந்ததில்லை. ஆழம் தெரிய மையத்துக்கு அருகிலேயே நிலநடுக்கமானி வேண்டும். எல்லாம் நூற்றுக்கணக்கான கி.மீ. தள்ளி இருந்தால், 5 கி.மீ. ஆழமும் 15 கி.மீ. ஆழமும் அலை வரும் நேரத்தில் ஏறக்குறைய ஒன்றுபோலவே தெரியும். அதனால் 10 என்று வைத்துக்கொண்டு இடத்தைக் கணக்கிடுவார்கள். முன்பு 33 என்று வைப்பதும் உண்டு!

பதில் 2: 4.3க்குக் கடலடி சுனாமி எழும் அளவு நகராது. ஆனால் குலுக்கல் 20 நொடி நீடித்தாலோ கடல் உள்வாங்கினாலோ அறிவிப்புக்குக் காத்திருக்காமல் மேட்டுக்கு ஏறிவிடுங்கள்.

பதில் 3: நடுக்கம் நின்றதும் வீட்டு மழைநீர்த் தொட்டியைப் பாருங்கள். தொட்டி ஆடும், பிவிசி குழாய் வளையாது. இணைப்பில்தான் விரிசல் விடும். இடையில் வளையும் குழாய்த் துண்டு ஒன்று போடுங்கள்.