சல்லிவன் வீட்டாரின் பூர்வீக ஊரைத் தேட உதவி வேண்டும்

வணக்கம். பேத்திக்காக இரண்டு பக்கத்து வம்சாவளியையும் எழுதிக்கொண்டிருக்கிறேன். மருமகன் அயர்லாந்து வழி அமெரிக்கர், குடும்பப் பெயர் சல்லிவன். அவர் பக்கம்தான் நகர மாட்டேன் என்கிறது.

முன்னோர் ஜெரமையா சல்லிவன், 1880களில் மொன்டானா மாநிலம் பியூட் நகரின் செம்புச் சுரங்கத்துக்கு வந்தவர். பிறந்த இடம் 'அயர்லாந்து' என்று மட்டும் எழுதிவைத்திருக்கிறார்கள், புண்ணியவான்கள்!

சல்லிவன்கள் ஆதியில் அயர்லாந்தின் டிப்பரரி மாவட்டக்காரர்கள். 12ஆம் நூற்றாண்டின் கடைசியில் படையெடுத்து வந்த நார்மன்கள் நெருக்கியதால் தென்மேற்கே கார்க், கெர்ரி மாவட்டங்கள் பக்கம் போனார்கள். இன்றும் அங்கேதான் அதிகம். கார்க்கின் பேரா தீபகற்பத்தில் ஆலிஹீஸ் என்ற ஊரில் செம்புச் சுரங்கம் இருந்தது. அது நொடித்தபோது பலர் பியூட்டுக்குப் போனார்கள். அதனால் பேராவாக இருக்கும் என்பது என் ஊகம்.

1821 முதல் 1851 வரையிலான அயர்லாந்து மக்கள்தொகைக் கணக்கெடுப்பு ஏடுகளில் பெரும்பகுதி 1922இல் டப்ளின் தீயில் போய்விட்டது. 19ஆம் நூற்றாண்டின் நடுவில் வரிக்காக எடுத்த கிரிஃபித் நிலவரிப் பதிவில் பார்த்தால் தெருவெல்லாம் சல்லிவன்! ஜெரமையா, டேனியல், டிமதி என்று அதே பெயர்கள் திரும்பத் திரும்ப. ஊர்க்காரர்களே கிளைக்கொரு பட்டப்பெயர் வைத்துத்தான் பிரித்தார்களாம். போதாததற்கு, ஒருவரே சல்லிவனுக்கு முன்னால் 'ஓ' சேர்த்தும் விட்டும் எழுதப்பட்டிருப்பார்.

அயர்லாந்து தேசிய நூலகத்தின் கத்தோலிக்கப் பங்கு ஏடுகளைப் (அந்தந்தத் தேவாலயத்தின் ஞானஸ்நான, திருமணப் பதிவுகள்) படித்துப் பழகியவர்கள் யாராவது இருக்கிறீர்களா? லத்தீன் கையெழுத்து எனக்குப் பிடிபடவில்லை. பியூட் பக்கத்தில் இறப்புச் சான்று, தேவாலயத் திருமணப் பதிவு, கல்லறைக் கல் இவற்றில் எதில் சொந்த ஊர் பெயர் கிடைக்க வாய்ப்பு அதிகம்? அந்தப் பட்டப்பெயர்களை எங்கே தேடலாம்?