சபை நடத்தும் சிறுவர் கால்பந்து: எல்லாப் பிள்ளைகளும் ஆடித்தான் ஆகணுமா?

பழைய டிஃபென்டர்:
சபைகள் நடத்தும் சிறுவர் அணிகள் பலவற்றில் ஒரு விதி உண்டு. வந்த பிள்ளை ஒவ்வொருவரும் பாதி ஆட்டமாவது ஆடணும், இறுதிப்போட்டியாக இருந்தாலும். இதை எடுத்துவிட்டு நல்லா ஆடுகிறவர்களை மட்டும் இறக்கச் சொல்லிப் பெற்றோர்களே கேட்கிறார்கள். நான் விதியின் பக்கம். இது போனால், ஆட்டத்துக்கு முன்னால் ஜெபம் பண்ணுகிற இன்னொரு கிளப், அவ்வளவுதான்.

நம்பர் ஒன்பது:
நான் எதிர்ப்பக்கம். ஒழுங்காகப் பயிற்சிக்கு வருகிற பையனும், ஆட்டத்தன்று மட்டும் பூட்ஸ் மாட்டிக்கொண்டு வருகிறவனும் சரிசமமா? 1 கொரிந்தியர் 9:24-ல் பவுல் பந்தயத்தைப் பெறும்படி ஓடச் சொல்கிறார். சும்மா ஓடிவிட்டு வரச் சொல்லவில்லை. ஸ்காட்லாந்து ஓட்டவீரர் எரிக் லிடலைப் பாருங்கள். 1924 பாரிஸ் ஒலிம்பிக்கில் 100 மீட்டர் தகுதிச்சுற்று ஞாயிற்றுக்கிழமை என்பதால் ஓட மறுத்தார். ஆனால் 400 மீட்டரில் 47.6 விநாடியில் தங்கம். விசுவாசம் அவரை மெதுவாக ஓடச் சொல்லவில்லையே!

பழைய டிஃபென்டர்:
லிடலுக்கு அப்போது 22 வயது பிரதர். நாம் பேசுவது ஒன்பது பத்து வயசுப் பிள்ளைகளை. 9:25-ஐயும் வாசியுங்கள், அந்தக் கிரீடம் அழிவுள்ளது என்கிறார். பயிற்சிக்கு வராதவனுக்கு நேரத்தைக் குறையுங்கள், அது ஒழுங்கு. வந்தும் வேகம் இல்லாதவனை உட்காரவைப்பது வேறு கதை.

நம்பர் ஒன்பது:
அந்த வேகமில்லாத பையனால் மற்ற பத்துப் பேரும் தோற்றால்? அவர்களும் பிள்ளைகள்தானே. இங்கிலாந்தின் பெரிய கால்பந்து கிளப்புகளையே பாருங்கள். ஆஸ்டன் வில்லா 1874-ல் ஒரு வெஸ்லியன் சிற்றாலயத்துப் பையன்களால் வந்தது. எவர்டன் 1878-ல் ஒரு மெதடிஸ்ட் சபையிலிருந்து. நல்லா ஆடினதால்தான் இன்றைக்கும் நிற்கிறார்கள்.

பழைய டிஃபென்டர்:
கிளப் நிற்கிறது, சபையோடு இருந்த தொடர்பு எங்கே? நீங்களே என் வாதத்தைச் சொல்லிவிட்டீர்கள். ஸ்காட்லாந்து கிளப் செல்டிக்கை விட்டுவிட்டீர்களே. 1887-ல் கத்தோலிக்கத் துறவி சகோதரர் வால்ஃபிரிட் அதைத் தொடங்கியது கிளாஸ்கோவின் ஏழைப் பிள்ளைகளுக்குச் சாப்பாடு போடப் பணம் திரட்டத்தான்.

விசில்:
சிறுவர் ஆட்டங்களுக்கு ரெஃப்ரியாகப் போகிறவன் நான். ஜெபம் பண்ணிவிட்டு வரும் அணியின் பெற்றோர் மற்றவர்களைவிடக் குறைவாகக் கத்துவார்கள் என்று நினைத்தால், ஒருநாள் என் இடத்தில் நின்று பாருங்கள். நான் கவனிப்பது ஒன்றே ஒன்று. பந்து தன் கையில் பட்டது என்று பையனே வந்து சொன்னால் கோச் தட்டிக்கொடுக்கிறாரா, முறைக்கிறாரா? முறைத்தால் இடைவேளையில் எந்த வசனம் சொல்லியும் பிரயோஜனம் இல்லை. பையன் பாடத்தை ஏற்கெனவே படித்துவிட்டான்.

கோட்டோரத்து அம்மா:
நாங்கள் கிறிஸ்தவர்கள் இல்லை. அன்பாக நடத்துகிறார்கள் என்பதால்தான் மகளைச் சேர்த்தோம், அதில் குறையே இல்லை. ஆனால் ஜெப வட்டத்துக்கு "விருப்பம் இருந்தால் வரலாம்" என்கிறார்கள். யார் ஆடுவது என்று முடிவு செய்பவரே கையை நீட்டிக் கூப்பிட்டால், பத்து வயசுப் பிள்ளை விலகி நிற்குமா?

நம்பர் ஒன்பது:
அமெரிக்காவில் இதே வழக்கு வந்தது அக்கா. மைதானத்தில் ஜெபம் பண்ணிய பயிற்சியாளர் கென்னடிக்கு 2022-ல் உச்ச நீதிமன்றம் 6-3 என்று சாதகமாகத் தீர்ப்புச் சொன்னது. அதுவும் அரசுப் பள்ளியில். இது சபையே நடத்துவது, சொல்லித்தானே சேர்க்கிறார்கள்?

கோட்டோரத்து அம்மா:
அந்த மூன்று நீதிபதிகளின் மாறுபட்ட தீர்ப்பையும் படியுங்கள் தம்பி. மாணவர்கள் மேல் விழும் அழுத்தத்தைத்தான் அதில் பேசியிருக்கிறார்கள். சட்டப்படி சபைக்கு உரிமை இருக்கிறது, மறுக்கவில்லை. நான் கேட்பது மகளுக்காக.

பழைய டிஃபென்டர்:
அக்கா சொல்வதில் நியாயம் இருக்கிறது. ஜெபத்தை கோச் நடத்த வேண்டாம். ஆட்டக்காரர் பட்டியலில் கை வைக்காத வேறு யாராவது நடத்தட்டும். அந்த நேரத்தில் சேராத பிள்ளைகளுக்கு வலை கழற்றுவது, பந்து எண்ணுவது மாதிரி ஒரு வேலை கொடுத்தால் தனியாக நிற்கிற கூச்சமும் இருக்காது.

கோட்டோரத்து அம்மா:
வேலை வேண்டாம். ஜெபிக்காததற்குத் தண்டனை மாதிரி ஆகிவிடும். தண்ணீர் குடிக்கிற நேரத்திலேயே வட்டத்தையும் வைத்தால் போதும், போகிறவர்கள் போகட்டும்.

நம்பர் ஒன்பது:
இதற்கு நான் சம்மதம். ஆனால் பாதி ஆட்ட விதியில் நான் அசையமாட்டேன். இறுதிப்போட்டியில் 0-1, ஐந்து நிமிஷம் பாக்கி. அப்போது உங்கள் கோச் யாரை உள்ளே அனுப்புகிறார் என்று பார்த்துவிட்டு வந்து பேசுங்கள் டிஃபென்டர்.