மொட்டை மாடி சோலார்: கொட்டேஷனும் கரன்ட் பில்லும் ஒத்துப்போகாத வீடுகள்

(இது ஒரு இணைய விவாதம். ஒவ்வொரு பதிவுக்கும் மேலே இருப்பது எழுதியவரின் பெயர்.)

ஸ்லாப்_கணக்கு

தாம்பரம் பக்கம் ஒரு தனி வீடு. இரண்டு மாதத்துக்கு 800 யூனிட் ஓடும். 3 கிலோவாட் ஆன்-கிரிட் (பேட்டரி இல்லாமல் இபி லைனோடு இணையும் சோலார்) போடச் சொல்லி வந்த கொட்டேஷனில் சேமிப்புக் கணக்கு ஒரே வரிதான்: 720 யூனிட் × 9.45 = 6,804 ரூபாய். அந்த வீட்டு பில்லே 4,770 ரூபாய்! கட்டுகிற காசை விட மிச்சமாகிற காசு எப்படி அதிகமாகும்? வீட்டுக்காரர் அதே தாளில் கையெழுத்துப் போட்டு அட்வான்ஸும் கொடுத்துவிட்டார்.

யூனிட் கூடக் கூட விலை ஏறும் படிதான் ஸ்லாப், 9.45 அந்த வீட்டின் உச்சிப் படி விலை. சோலார் நம் பில்லை மேல் ஸ்லாபிலிருந்து கீழ்நோக்கித்தான் அரிக்கும். 2024 ஜூலையில் வந்த விலைப்படி ஒவ்வொரு கிலோவாட்டையும் தனியாகப் பாருங்கள். ஒரு கிலோவாட்டுக்கு நாளைக்கு 4 யூனிட், 60 நாளைக்கு 240. முதல் கிலோவாட் 800-ஐ 560 ஆக்கும், பில் 2,544. மிச்சம் 2,226 ரூபாய். இரண்டாவது 560-ஐ 320 ஆக்கும், பில் 799. மிச்சம் 1,745. மூன்றாவது 320-ஐ 80 ஆக்கும், பில் கிடையாது. மிச்சம் வெறும் 799. அதிலும் கடைசி 20 யூனிட் எப்படியும் இலவசமாக வந்திருக்க வேண்டியது.

500 என்ற கோட்டையும் மறக்காதீர்கள். 500 யூனிட்டுக்கு 1,805 ரூபாய், 501 ஆனால் 2,048. அந்த ஒரு யூனிட்டின் விலை 243 ரூபாய்! 101 முதல் 200 வரை 2.35 ஆக இருந்த சலுகை அங்கே போய்விடுகிறது. நெட்வொர்க் கட்டணம் (இபி லைனைப் பயன்படுத்துவதற்கு) என்று தனி வரி வந்தால் அது வேறு, மேலே சேர்க்கவில்லை.

மாடிப்படி

கணக்கு சரி, மூன்றாவது கிலோவாட் வீண் என்கிற முடிவுதான் அவசரம் சார். இன்வெர்ட்டர் (பேனலின் டிசியை வீட்டுக்கான ஏசியாக மாற்றுவது), வேலையாள் கூலி, எர்த்திங், பேப்பர் வேலை எல்லாம் 2 கிலோவாட்டுக்கும் உண்டு, 3-க்கும் உண்டு. அதனால் மூன்றாவது கிலோவாட்டுக்குக் கூடுதலாக ஆகிறது சுமார் 45,000தான். மத்திய அரசின் பிஎம் சூர்ய கர் மானியத்தில் முதல் இரண்டுக்கு 30,000 வீதம், மூன்றாவதுக்கு 18,000, மொத்தம் 78,000. ஆக கையிலிருந்து 27,000. வருஷத்துக்கு 4,800 ரூபாய் மிச்சம் என்றால் ஆறு வருஷத்துக்குள் எடுத்துவிடலாம்.

இன்னொன்று, நாளைக்கு 4 என்பது வருஷ சராசரி. சென்னைப் பக்கம் நவம்பர் அடைமழை நாளில் ஒன்று கூட வராது. 2 கிலோவாட்டோடு நிறுத்தினால் ஐப்பசி கார்த்திகையில் பில் மறுபடி 500 யூனிட்டைத் தாண்டினாலும் தாண்டலாம். நீங்கள் சொன்ன அதே 243 ரூபாய்க் கோடு!

3-க்கு மேலே போனால்தான் யோசிக்கணும். மானியம் அதோடு நின்றுவிடும். மிஞ்சும் யூனிட்டை விற்றுக் காசு பார்க்கலாம் என்பதெல்லாம் கொட்டேஷன்காரர் பேச்சு.

நிழல்

மேடவாக்கத்தில் ஒரு மாடி. ஜூன் மாதம் சர்வே, தெற்கு ஓரத்தில் வாட்டர் டேங்க், அதற்கு வடக்கே ஆறு 540 வாட் பேனல். சர்வே போட்டோவில் பேனல் வரப்போகும் இடத்தில் பொட்டு நிழல் இல்லை. டிசம்பரில் பார்த்தால் இரண்டு பேனல் மேல் டேங்க் படுத்திருக்கிறது.

ஏப்ரல் கடைசியிலிருந்து ஆகஸ்ட் நடுப்பகுதி வரை சென்னையில் உச்சி வெயில் வடக்கே சாய்ந்திருக்கும், டேங்க் நிழல் தெற்கே விழும். அப்போது எடுத்த போட்டோவை நம்பினால் இதுதான் கதி. டிசம்பரில் 6 அடி உயரத் தடுப்பின் நிழல் உச்சியில் நாலரை அடி, 3 மணிக்கு வடகிழக்கே கிட்டத்தட்ட 9 அடி. தென்னை மரத்துக்கும் இதே கணக்குதான், ஆனால் மரம் வருஷா வருஷம் வளரும்.

உச்சிவேளை

பில் கணக்கிலேயே நின்றுவிட்டீர்கள். 240 யூனிட் மீட்டருக்கு வந்து சேர்ந்தால்தானே மிச்சம்?

லைன் கடைசியில் இருக்கிற ஒரு வீடு. 11 மணிக்கு மேல் உற்பத்தி கிராஃப் ரம்பப் பல் மாதிரி. இன்வெர்ட்டர் திரையில் 256 வோல்ட், டிக்கென்று ரிலே விழுகிற சத்தம், ஒரு நிமிஷம் கழித்து மறுபடி ஏற்றம், மறுபடி டிக். பேனல் மேல் பழி போட்டு இரண்டு தடவை கழுவியிருக்கிறார்கள்.

வோல்டேஜ் வரம்பைத் தாண்டினால் இன்வெர்ட்டர் தானே இணைப்பைத் துண்டித்துக்கொள்ளும். அது ஏறக் காரணம் ஏசி கேபிள். மாடியிலிருந்து மீட்டர் வரை 30 மீட்டர், போட்டது 2.5 ஸ்கொயர் எம்எம் காப்பர். 3 கிலோவாட் என்றால் 13 ஆம்பியர், அந்தக் கம்பியில் போக வர கிட்டத்தட்ட 6 வோல்ட் ஏறும். மின்சாரம் வெளியே தள்ளும்போது இன்வெர்ட்டர் முனையில்தான் வோல்டேஜ் கூடும், குறையாது. 6 ஸ்கொயர் எம்எம் போட்டிருந்தால் இரண்டரை வோல்ட்டில் முடிந்திருக்கும். உச்சி வேளையில் மீட்டர் பக்கமே 253-ஐத் தொட்டால் கம்பி மாற்றியும் பயனில்லை, இபி ஆபீஸில் எழுதிக் கொடுத்து டிரான்ஸ்ஃபார்மர் டேப் (வோல்டேஜைக் கூட்டிக் குறைக்கும் படி) மாற்றச் சொல்லணும்.

கேட்காமலே சொல்கிறேன். கொட்டேஷனில் மொத்தத் தொகைக்கு முன்னால் இவற்றைப் பாருங்கள். பேனல் டிசிஆர் (செல்லும் பேனலும் இந்தியாவில் செய்தது) என்று எழுத்தில் இருக்கணும், இல்லாவிட்டால் மானியம் வராது. ஸ்ட்ரக்சர் வெல்டிங் செய்து பெயின்ட் அடித்த இரும்பு வேண்டாம், ஹாட் டிப் கால்வனைஸ் (உருக்கிய துத்தநாகத்தில் முக்கிய பூச்சு) 80 மைக்ரான் கேளுங்கள். சென்னைக்கு வடிவமைப்புக் காற்று வேகம் நொடிக்கு 50 மீட்டர், அதற்குத் தாங்குமா என்று எழுதி வாங்குங்கள். கீழே துணி காயப்போட 8 அடி உயர்த்தினால் காற்றின் பிடி கூடும், கான்கிரீட் பீடமும் பெரிதாகணும். எர்த்திங் மூன்று தனித்தனி: டிசி, ஏசி, இடிதாங்கி. மூன்றையும் ஒரே குழியில் இறக்கிவிட்டுப் போகிறவர்கள் உண்டு. சாய்வு 11 முதல் 13 டிகிரி, முகம் தெற்கே. ஒரு கிலோவாட்டுக்கு நடைபாதையோடு 100 சதுர அடி. கழுவுவது விடியலில் மட்டும், கொதிக்கிற கண்ணாடியில் குளிர்ந்த தண்ணீர் கூடாது.

மாடிப்படி

கரன்ட் போனால் ஆன்-கிரிட்டும் அணைந்துவிடும் என்பதைச் சேர்த்துக்கொள்ளுங்கள். கம்பத்தில் ஏறும் லைன்மேன் உயிருக்காகச் செய்த ஏற்பாடு அது. கொளுத்துகிற வெயிலில் ஃபேன் நின்றதும் கம்பெனிக்கு போன் போட்டுச் சண்டை பிடித்தவர்கள் ஏராளம். பேட்டரி வேண்டுமென்றால் ஹைப்ரிட், விலையும் வேறு, ஸ்லாப் கணக்கும் வேறு.

ரீடிங்

ஆவடியில் சோலார் போட்டதும் பில் ஏறிய வீடு ஒன்று. நெட் மீட்டர் (உள்ளே வருவதையும் வெளியே போவதையும் தனித்தனியே எண்ணுவது) வருவதற்குள் "சும்மா ஓடட்டும்" என்று இன்வெர்ட்டரை ஆன் செய்துவிட்டுப் போயிருக்கிறார்கள். பழைய மீட்டருக்குத் திசை தெரியாது. பகலில் வெளியே போன யூனிட்டையும் உள்ளே வந்ததாகச் சேர்த்துக்கொண்டே ஓடியிருக்கிறது. 

மீட்டர் மாற்றி, இறக்குமதி, ஏற்றுமதி இரண்டு எண்ணும் திரையில் மாறி மாறி வருவதைக் கண்ணால் பார்த்த பிறகுதான் ஸ்விட்ச். இபி இணைப்பு இன்னும் தாத்தா பெயரில் இருந்தால் அதை முதலில் மாற்றுங்கள், மானிய விண்ணப்பம் அதில்தான் சிக்கும்.