அமெரிக்கா தன் போக்கை மாற்றினால் பயங்கரவாதம் குறையுமா?

பழைய பேப்பர்:
2001 செப்டம்பர் 20 அன்று அதிபர் புஷ் அமெரிக்க காங்கிரஸில் நின்று "அவர்கள் ஏன் நம்மை வெறுக்கிறார்கள்?" என்று கேட்டார். நம் சுதந்திரத்தை வெறுக்கிறார்கள் என்று பதிலையும் அவரே சொல்லிவிட்டார். வாஷிங்டனில் பலர் இன்னும் அந்தப் பதிலை வைத்துத்தான் காலம் தள்ளுகிறார்கள். அல் கொய்தா தலைவர் பின் லாடனோ 1998 அறிக்கையிலேயே காரணங்களை வரிசையாக எழுதியிருந்தார்: சவுதி மண்ணில் அமெரிக்கப் படை, ஈராக் மீது பொருளாதாரத் தடை, இஸ்ரேலுக்குக் கொடுக்கும் ஆதரவு. 2001 செப்டம்பர் 11-ல் அமெரிக்காவைத் தாக்க விமானங்களைக் கடத்திய 19 பேரில் 15 பேர் சவுதிக்காரர்கள், ஆனால் 2003-ல் அமெரிக்கக் குண்டு விழுந்தது ஈராக்கின் பாக்தாத்தில். சர்வாதிகாரிகளுக்கு ஆயுதம் கொடுப்பதையும் கண்ட நாட்டில் படை இறக்குவதையும் அமெரிக்கா நிறுத்தட்டும், ஆள் பிடிப்பவனுக்குப் பாதி சரக்கு தீர்ந்துவிடும் என்பது என் கட்சி. மறுப்பவர்கள் வரலாம்.

சேலத்து ராஜன்:
வந்துவிட்டேன். பின் லாடனைச் சாட்சிக் கூண்டில் ஏற்றினால் முழுசாக விசாரிக்க வேண்டும் சார். 2002 நவம்பரில் அவர் பெயரில் வந்த அமெரிக்கர்களுக்கான கடிதத்தில் வட்டி, மது, சூதாட்டம் எல்லாம் குற்றப்பட்டியலில் இருக்கிறது, இஸ்லாத்துக்கு வாருங்கள் என்ற அழைப்பும் இருக்கிறது. அதை எந்த வெளியுறவுக் கொள்கையை மாற்றித் தீர்ப்பது? 2014 ஆகஸ்டில் ஈராக்கின் சிஞ்சாரில் ஐஎஸ் (இஸ்லாமிய அரசு) அமைப்பினர் யசீதிகள் என்ற சிறுபான்மை மதத்தினரைக் கொன்று பெண்களைச் சந்தையில் விற்றார்களே, அந்த யசீதிகள் எந்த நாட்டில் படை இறக்கினார்கள்? அதே வருஷம் டிசம்பரில் பெஷாவர் ராணுவப் பள்ளியில் நூற்றுமுப்பதுக்கும் மேற்பட்ட பிள்ளைகளைச் சுட்டதும் பாகிஸ்தான் தாலிபான்தான். 1995-ல் போஸ்னியாவிலும் 1999-ல் கொசோவோவிலும் செர்பியர்கள் மீது அமெரிக்கா குண்டு போட்டது யாரைக் காப்பாற்ற? முஸ்லிம்களைத்தானே. கென்யாவிலும் தான்சானியாவிலும் தூதரகங்கள் தகர்க்கப்பட்டு 224 பேர் செத்தது 1998-ல், போஸ்னியாவுக்கு மூன்றே வருஷம் கழித்து. நன்றி எங்கே போனது?

சுள்ளான்:
நன்றியை எதிர்பார்த்தா குண்டு போட்டாங்க? 😀

பழைய பேப்பர்:
ராஜன், தலைவனின் மனசும் அவன் பின்னால் போகிறவனின் மனசும் ஒன்று என்று நீங்கள் எடுத்துக்கொள்வதுதான் சிக்கல். பின் லாடனின் துணைத்தலைவன் ஜவாஹிரியை மாற்றியிருக்க முடியாது, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் அவனுக்குக் கீழே நின்ற ஆயிரம் பேர் எங்கிருந்து வந்தார்கள்? 2003 மே மாதம் ஈராக்கை நிர்வகித்த அமெரிக்க அதிகாரி பால் பிரெமர் ஒரே உத்தரவில் ஈராக் ராணுவத்தைக் கலைத்தார். லட்சக்கணக்கான பேருக்கு வேலை போனது, துப்பாக்கி மட்டும் கையில் இருந்தது. ஐஎஸ் அமைப்புக்குத் திட்டம் போட்டுக் கொடுத்த ஹாஜி பக்கர் யார்? சதாம் காலத்து வான்பாதுகாப்புப் படையின் உளவுப் பிரிவு கர்னல். ஐஎஸ் தலைவர் பக்தாதியே 2004-ல் ஈராக்கின் புக்கா சிறை முகாமில் அமெரிக்கர்களின் கைதியாக இருந்தவர். ஜிகாதிகளையும் சதாமின் பழைய பாத் கட்சி அதிகாரிகளையும் ஒரே கம்பிவேலிக்குள் அடைத்துச் சோறு போட்டது யார்? பத்து வருஷம் கழித்து மொசூல் நகரம் ஐஎஸ் கையில் விழுந்தபோது எல்லாரும் ஆச்சரியப்பட்டார்கள், அதுதான் எனக்கு ஆச்சரியம்.

சேலத்து ராஜன்:
ஈராக் போர் முட்டாள்தனம் என்பதில் எனக்கு இரண்டாவது கருத்து இல்லை. ஆனால் ஈராக்கில் அல் கொய்தாவை நடத்திய சர்காவி 2003-க்கு முன்பே வட ஈராக்குக்கு வந்துவிட்டவர், ஷியாக்கள் மீது அவருக்கிருந்த வெறிக்கு பிரெமர் பொறுப்பில்லை. அப்புறம் உங்கள் சர்வாதிகாரி வாதத்துக்கு வருகிறேன். அரபு நாடுகளின் மக்கள் கிளர்ச்சியான அரபு வசந்தத்தில், 2021 வரைக்குமாவது ஓரளவு தேறி நின்ற ஒரே நாடு துனீசியா. 2011-ல் சர்வாதிகாரி பென் அலி ஓடினார், தேர்தல் நடந்தது, இஸ்லாமியக் கட்சியான நஹ்தாவே ஆட்சிக்கு வந்தது, வெளியிலிருந்து யாரும் தடுக்கவில்லை. ஆனால் சிரியாவுக்குப் போய் ஐஎஸ்ஸில் சேர்ந்த வெளிநாட்டவர்களில் பெரிய கூட்டங்களில் ஒன்று துனீசியர்கள்தான். 2015-ல் பர்தோ அருங்காட்சியகத்திலும் சூசா கடற்கரையிலும் சுட்டவர்களும் அவர்களே. ஓட்டுப் பெட்டி மருந்து என்றால் இது எப்படி?

ஆத்தங்கரை நசீர்:
நடுவில் வருகிறேன், மன்னிக்கவும். ராஜன் அண்ணே, துனீசியா கேள்வி நல்ல கேள்வி, ஆனால் போன பையன்கள் வளர்ந்தது யார் ஆட்சியில்? பென் அலியின் இருபத்து மூன்று வருஷத்தில். பெட்டி வைத்த மறுநாளே நோய் போய்விடுமா?

நான் சொல்ல வந்தது வேறு. நீங்கள் இருவரும் கொள்கை, கொள்கை என்கிறீர்கள், பாகிஸ்தானில் நடந்த இரண்டு விஷயங்களை மட்டும் பாருங்கள். 2005 அக்டோபரில் காஷ்மீர் நிலநடுக்கம். அமெரிக்க சினூக் ஹெலிகாப்டர்கள் மலைக்கிராமங்களில் கூடாரமும் அரிசியும் இறக்கின, முசாபராபாத்தில் அமெரிக்க ராணுவமே கள மருத்துவமனை போட்டது. அந்தச் சமயத்தில் எடுத்த கருத்துக்கணிப்புகளில் அமெரிக்கா மீதான மதிப்பு அங்கே கண்ணுக்குத் தெரியும்படி ஏறியது. இனி 2011. அபோட்டாபாத்தில் பின் லாடன் இருக்கும் வீட்டை உறுதிப்படுத்த சிஐஏ ஒரு டாக்டரைப் பிடித்துப் போலியாக ஹெபடைடிஸ் தடுப்பூசி முகாம் நடத்தியது. ஊசியோடு நர்ஸ் வாசலில் வந்து நிற்கிறாள், உண்மையில் தேடுவது அந்த வீட்டுக் குழந்தைகளின் ரத்த மாதிரியை! அதற்கு முன்பே போலியோ சொட்டு மருந்து மேற்கத்திய சதி என்று முல்லாக்கள் சொல்லிக்கொண்டிருந்தார்கள், அது வதந்தி என்று சொல்லி நம்ப வைக்க முடிந்தது. இதற்குப் பிறகு என்ன சொல்வது? 2012-ல் வஜீரிஸ்தானில் சொட்டு மருந்துக்குத் தடை போட்டார்கள், போலியோ பணியாளர்களைச் சுட ஆரம்பித்தார்கள். தடுப்பூசியை இனி உளவுக்குப் பயன்படுத்த மாட்டோம் என்று வெள்ளை மாளிகை வாக்குக் கொடுத்தது 2014-ல். சொட்டு மருந்துப் பெட்டியோடு தெருவில் போன பெண்களுக்கு அதனால் என்ன பயன்?

சேலத்து ராஜன்:
நசீர் பாய், சுட்டவன் கையைப் பற்றியும் ஒரு வரி எழுதலாமே. சிஐஏ செய்தது கேவலம்தான். ஆனால் சொட்டு மருந்து கொடுக்கும் பெண்ணைச் சுடலாம் என்று முடிவெடுத்தது சிஐஏ தலைமையகமான லாங்லியில் இல்லை. ஒவ்வொரு கொலைக்கும் பின்னால் ஓர் அமெரிக்கத் தவறைத் தேடிப் போனால், அங்கே இருப்பவர்களுக்குச் சொந்தப் புத்தியே கிடையாது, சாவி கொடுத்தால் ஓடுகிறவர்கள் என்றல்லவா ஆகிறது? அது எந்த வகையில் மரியாதை?

ஆத்தங்கரை நசீர்:
சுட்டவன் கொலைகாரன். இதைத் தனியாக எழுதித்தான் நிரூபிக்க வேண்டுமா அண்ணே? செத்தவர்களும் எங்கள் ஆட்கள்தான். கொலைகாரனுக்கு மறைந்துகொள்ள இடம் கொடுக்காதே என்றுதான் அமெரிக்காவிடம் கேட்கிறோம். 2021 ஆகஸ்ட் 29, காபூலில் ஒரு வெள்ளை கொரோலா காரை எட்டு மணிநேரம் வானிலிருந்து பார்த்துவிட்டு, வெடிகுண்டு ஏற்றுகிறான் என்று ஏவுகணை விட்டார்கள். அவன் ஏற்றியது தண்ணீர் கேன்கள். செத்த 10 பேரில் 7 பேர் குழந்தைகள். முதலில் சரியான தாக்குதல் என்றார்கள், மூன்று வாரத்துக்குள் தவறு என்றார்கள், டிசம்பரில் யாருக்கும் தண்டனை இல்லை என்றும் முடித்துவிட்டார்கள். இந்தக் கடைசிப் பகுதியை மட்டும் மாற்றினாலே போதும் என்பேன் நான்.

பழைய பேப்பர்:
எனக்கு அது போதாது. 2009 ஜூனில் ஒபாமா கெய்ரோ பல்கலைக்கழகத்தில் புதிய தொடக்கம் என்று பேசினார், கைதட்டல் பலமாக இருந்தது. அன்றைக்கும் எகிப்தின் சர்வாதிகாரி முபாரக்குக்கு வருஷத்துக்கு 130 கோடி டாலர் ராணுவ உதவி போய்க்கொண்டுதான் இருந்தது. 2013 ஆகஸ்டில் கெய்ரோவின் ராபியா சதுக்கத்தில் ஒரே நாளில் நூற்றுக்கணக்கான போராட்டக்காரர்களை, ஆட்சியைப் பிடித்த ராணுவத் தளபதி சிசியின் படைகள் கொன்றன. உதவியில் ஒரு பகுதியை அக்டோபரில் நிறுத்தினார்கள், 2015-ல் திரும்பக் கொடுத்துவிட்டார்கள். தண்டனை அவ்வளவுதான்.

சேலத்து ராஜன்:
நிறுத்திய அந்த இடைவெளியில் சிசி என்ன செய்தார் என்றும் சொல்லுங்கள். பிரான்ஸிடம் 24 ரஃபேல் போர் விமானங்களுக்கு ஒப்பந்தம் போட்டார், ரஷ்யாவிடம் ஆயுதங்களுக்குப் பேரம் பேசினார். அமெரிக்கா கையை எடுத்தால் வேறொரு கை வரும், அந்தக் கை மனித உரிமை என்ற பேச்சையே எடுக்காது. எகிப்தியருக்கு அதனால் என்ன லாபம்?

பழைய பேப்பர்:
ரஃபேல் கெய்ரோவின் தஹ்ரிர் சதுக்கத்துக்கு வராது ராஜன். 2011 ஜனவரியில் அங்கே விழுந்த கண்ணீர்ப்புகைக் குப்பிகளைப் பொறுக்கிக் கேமராவுக்குக் காட்டினார்களே, அதன் மேல் அமெரிக்கத் தயாரிப்பு என்றுதான் அச்சடித்திருந்தது, பென்சில்வேனியா கம்பெனி. சிசி யாரிடம் வேண்டுமானாலும் வாங்கிக்கொள்ளட்டும், அந்தக் குப்பியில் ரஷ்யாவின் பெயரோ பிரான்ஸின் பெயரோ இருந்தால் அது அவர்கள் பாடு. நான் அமெரிக்காவின் கணக்கை மட்டும்தான் கேட்கிறேன்.

சுள்ளான்:
ராஜன் அண்ணனுக்கு இன்னும் ஒரு ரவுண்டு இருக்கு, யாரும் திரியைப் பூட்டாதீங்க.